டொமைன் பெயர்: சுருக்கெழுத்தா, முழுப் பெயரா? (குடியாத்தம் கைலிக் கடைக்கு)

நூல்கண்டு

வணக்கம். குடியாத்தத்தில் கைலி மொத்த வியாபாரம் செய்யும் கடைக்கு டொமைன் (இணைய முகவரிப் பெயர்) எடுக்கணும். கடையின் நிஜப் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று பார்க்கிறேன். மாதிரிக்கு "ஸ்ரீ வெங்கடேஸ்வரா டெக்ஸ்டைல்ஸ், குடியாத்தம்" என்று வைத்துக்கொள்ளுங்கள். அமைப்பு அச்சு அசலாக இதேதான்: சாமி பெயர், தொழில், ஊர்.

ஆங்கிலத்தில் முழுசாக எழுதினால் ஸ்ரீ 3, வெங்கடேஸ்வரா 12, டெக்ஸ்டைல்ஸ் 8, குடியாத்தம் 10, ஆக 33 எழுத்து. சுருக்கினால் எஸ்.வி.டி., மூன்றே எழுத்து. முகவரியைப் பயன்படுத்தப் போகிறவர்கள் மூன்று வகை: ஃபோனில் கேட்டு எழுதிக்கொள்ளும் சில்லறைக் கடைக்காரர்கள், மெயிலில் பில் வாங்கும் சிங்கப்பூர், மலேசியா ஆட்கள், எஸ்எம்எஸ்ஸில் ஆஃபர் பார்க்கிறவர்கள். எதை எடுப்பது?

அகழி

நூல்கண்டு சார், உங்கள் பதிவிலேயே பதில் இருக்கிறது. "எஸ்.வி.டி." என்று தமிழில் எழுதியிருக்கிறீர்கள். கடைசி எழுத்து டெல்லிக்கு வரும் டி-யா, திருச்சிக்கு வரும் டி-யா? டெக்ஸ்டைல்ஸ் என்று தெரிந்ததால் எனக்குப் புரிகிறது. தெரியாதவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

நம் ஊரில் சுருக்கெழுத்துக்கு இருக்கும் பெரிய கண்டம் இது. ஆங்கிலத்தில் தனித்தனியாக இருக்கும் எழுத்துகள் தமிழ் எழுத்திலும், அவசரப் பேச்சிலும் ஒட்டிக்கொள்கின்றன. பாம்பே பி-யும் பாண்டிச்சேரி பி-யும் நமக்கு "பி". டெல்லியும் திருச்சியும் "டி". எம், என் இரண்டும் ஃபோனில் ஒரே முனகல். எஸ், எஃப் இரண்டும் காற்றுச் சத்தம். காட்பாடி ஸ்டேஷனின் ரயில்வே குறியீட்டைப் பாருங்கள்: கே.பி.டி. தமிழில் மட்டும் கேட்ட ஒருவர் அதை நான்கு விதமாக டைப் செய்யலாம். இரண்டு பி, இரண்டு டி, பெருக்கினால் நான்கு. அதில் மூன்று தப்பு.

எனவே சுருக்கம் எடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை. ஆங்கில எழுத்துகளை ஒரு தாளில் எழுதி, பி, டி, எம், என், எஸ், எஃப் வரும் இடங்களில் கோடு போடுங்கள். ஒரு கோடு விழுந்தாலே யோசிக்கணும். இரண்டு விழுந்தால் அதைக் காதால் கேட்டு வருகிற முகவரியாக வைக்கவே கூடாது. எஸ்.வி.டி.யில் இரண்டு விழுகிறது.

காட்பாடி ஜங்ஷன்

அகழி அண்ணா சொல்றது ஃபோனுக்குச் சரி. மெயிலுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே யாரும் காதால் கேட்பதில்லை, தொடுகிறார்கள், அவ்வளவுதான்.

எஸ்எம்எஸ் கணக்கைப் பார்ப்போம். ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 160 எழுத்து. தமிழில் ஒரு எழுத்து கலந்தாலும் யூனிகோடுக்கு மாறி 70 ஆகிவிடும். 70-ஐத் தாண்டினால் துண்டு துண்டாகப் போகும், ஒவ்வொரு துண்டும் 67 எழுத்து, துண்டுக்கு ஒரு காசு. அந்த 70-லும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி எண்ணிக்கை. "குடியாத்தம்" என்று நாம் எண்ணினால் 6 எழுத்து. எஸ்எம்எஸ் எண்ணினால் 11. "கைலி" 4. நடுவில் இடைவெளி 1. இரண்டு சொல்லுக்கே 16 போய்விட்டது.

இப்போது 33 எழுத்து டொமைனோடு டாட் காம் சேர்த்தால் 37. மீதி 17. அதில் தள்ளுபடி எவ்வளவு, எந்தத் தேதி வரைக்கும் என்று எப்படி எழுதுவீர்கள்?

பொதுவான லிங்க் சுருக்கிகளைப் போட்டுத் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். 2024 அக்டோபர் 1 முதல் வியாபார எஸ்எம்எஸ்ஸில் வரும் லிங்க், வியாபாரச் செய்தி அனுப்புகிறவர்கள் பதிவு செய்யும் டிஎல்டி தளத்தில் முன்கூட்டியே அனுமதிப் பட்டியலில் ஏறியிருக்கணும், இல்லாவிட்டால் செய்தி போய்ச் சேராது. உங்கள் சொந்தக் குட்டி டொமைன் இருந்தால் அதையே பதிவு செய்து வைக்கலாம். சுருக்கத்துக்கு என் வாதம் இதுதான்.

எழுத்தாணி

எஸ்.வி.டி. என்று தேடிப் பார்த்தீர்களா? ஆங்கிலத்தில் டெக்ஸ்டைல்ஸ் டி போட்டுத் தேடினால், இதயத் துடிப்பு திடீரென்று வேகமாக ஓடும் ஒரு கோளாறுக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் சுருக்கப் பெயரும், ஸ்வீடன் நாட்டுப் பொதுத் தொலைக்காட்சியும் வரும். கைலி வராது. மூன்றெழுத்துச் சேர்க்கைகள் மொத்தமே 17,576. உலகம் முழுவதும் அதைப் பங்கு போட்டுக்கொள்கிறது. டாட் காமில் அத்தனையும் எப்போதோ பதிவாகிவிட்டன. யாராவது விற்றாலும் கைலி லாபத்தில் வாங்கும் விலையாக இருக்காது. நான்கு எழுத்து என்றால் 4,56,976. அதிலும் வாயில் நுழைகிற எதுவும் சும்மா கிடைக்காது.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று. ராணிப்பேட்டையில் இருக்கும் பாரத் ஹெவி எலெக்ட்ரிகல்ஸ் ஆலையை ஊரே "பெல்" என்கிறது. எழுதும்போது பி, எச், இ, எல் என்று நான்கு எழுத்து. காதால் கேட்டவர் எச் இல்லாமல் மூன்று எழுத்தாக டைப் செய்தால் அது பாரத் எலெக்ட்ரானிக்ஸ், பெங்களூரில் தலைமையகம் இருக்கும் வேறொரு பொதுத்துறை நிறுவனம். இரண்டுமே பெரிய நிறுவனங்கள், தேடுகிறவர் எப்படியும் வந்து சேர்ந்துவிடுவார். கைலிக் கடையைத் தேடி வந்தவர் ஒரு தடவை வழி தவறினால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

ரத்னகிரி

அப்படியென்றால் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி, வி.ஐ.டி. பல்கலைக்கழகம் எல்லாம் எப்படி ஓடுகிறது? நம் ஊரின் இரண்டு பெரிய பெயருமே சுருக்கம்தானே?

அகழி

நல்ல கேள்வி. அங்கே சுருக்கம் முதலில் ஜனங்களின் வாயில் ஏறியது, முகவரி பிறகுதான் வந்தது. 1900-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி. பஸ்ஸில் கண்டக்டர் "சிஎம்சி எறங்கு" என்று கத்தும் பெயர். அப்படியிருந்தும் அவர்கள் இணைய முகவரி மூன்றெழுத்தோடு நிற்கவில்லை. சி, எம், சி, எச், பிறகு ஒரு ஹைஃபன், பிறகு வேலூர் என்று ஊர்ப் பெயர் முழுசாக வருகிறது. லூதியானாவிலும் ஒரு சி.எம்.சி. இருக்கிறது என்பதை நினைத்தால் அந்த ஊர்ப் பெயரின் அருமை தெரியும். வி.ஐ.டி.யின் முகவரி டாட் ஏசி டாட் இன்னில் முடிகிறது. கல்வி நிறுவனம் தவிர வேறு யாருக்கும் அந்த முடிவு கிடைக்காது, அதனால் மூன்றெழுத்து அங்கே தெளிவாக நிற்கிறது.

கடையை இன்றைக்கு யாராவது எஸ்.வி.டி. என்று கூப்பிடுகிறார்களா? இல்லையென்றால் டொமைனை வைத்துச் சுருக்கத்தைப் பழக்க முடியாது.

டிஎன்எஸ் தம்பி

முழுப் பெயர் பக்கம் நிற்கிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. முழுப் பெயர் என்றால் எந்த ஸ்பெல்லிங்? ஸ்ரீ-க்கே மூன்று இருக்கிறது. வெங்கடேஸ்வராவில் எஸ் மட்டுமா, எஸ்எச்-ஆ? அடுத்து டபிள்யூ-வா, வி-யா? 3, 2, 2, பெருக்கினால் 12. குடியாத்தத்துக்கு இரண்டு டி-யா, டிஎச்-ஆ என்று இன்னொரு 2. மொத்தம் 24 வடிவம். அதில் ஒன்றுதான் சரி, அகழி அண்ணன் சொன்ன கே.பி.டி.யை விட ஆறு மடங்கு குழப்பம்.

ஊர்ப் பெயரில் ஒரு விஷயம் கவனிங்க. ஆற்காடு, ஆம்பூர், வேலூர் மூன்றுக்கும் வெள்ளைக்காரன் காலத்து ஸ்பெல்லிங் கெட்டியாக நின்றுவிட்டது, யாரும் தப்பாக எழுத மாட்டார்கள். குடியாத்தம், திருப்பத்தூர், ஆரணி, வாலாஜா எல்லாம் போர்டுக்குப் போர்டு மாறும். அரசாங்கமே ஒருமுறை மாற்றப் பார்த்தது. 2020-ல் 1,018 ஊர்களுக்குத் தமிழ் உச்சரிப்புப்படி புது ஆங்கில ஸ்பெல்லிங் அறிவித்தார்கள். அதில் வேலூருக்கே இரண்டு இ, இரண்டு ஓ போட்டு வேறு வடிவம் வந்தது. சில நாளிலேயே உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். அது நின்றிருந்தால் ஊர்ப் பெயர் வைத்த டொமைன்கள் எல்லாம் பழைய ஸ்பெல்லிங்கில் மாட்டியிருக்கும்.

மாவட்டப் பெயரை நம்பிச் சுருக்கம் வைப்பது அதைவிட மோசம். வட ஆற்காடு 1989-ல் இரண்டாகப் பிரிந்தது. பிறகு வேலூர் மாவட்டம் ஆனது. 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. "வ.ஆ." என்று போட்டால் இன்றைக்குப் பிள்ளைகளுக்குப் புரியுமா?

எழுத்தாணி

ஒட்டும் இடத்தையும் பார்க்கணும். டொமைனில் இடைவெளி கிடையாது, அதனால் முதல் சொல்லின் கடைசி எழுத்தும் அடுத்த சொல்லின் முதல் எழுத்தும் ஒன்றாக இருந்தால் டைப் செய்கிறவர் ஒன்றை விட்டுவிடுவார். ஆற்காடு + ட்ரேடர்ஸ்: இரண்டு டி. ஆம்பூர் + ரைஸ்: இரண்டு ஆர். வேலூர் + எலெக்ட்ரிகல்ஸ்: இரண்டு இ. ராணிப்பேட் + டேனரி: இரண்டு டி. இப்படி வந்தால் சொற்களை முன்பின்னாக மாற்றுங்கள் அல்லது வேறு சொல் போடுங்கள்.

அச்சில் வரும் கண்மயக்கமும் உண்டு. சின்ன எழுத்தில் ஆர், என் இரண்டும் பக்கத்தில் வந்தால் எம் மாதிரித் தெரியும். இரண்டு வி சேர்ந்தால் டபிள்யூ. சின்ன எல், பெரிய ஐ, 1 என்ற எண் மூன்றும் சில எழுத்துருவில் ஒரே குச்சி. விசிட்டிங் கார்டுக்குக் கொடுக்கும் முன் 7 பாயின்ட் அளவில் அச்சடித்து, கடைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலையில் போர்டு வைப்பீர்களா? சென்னை-பெங்களூர் ரோட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற காரு ஒரு நொடிக்கு 22 மீட்டர் தாண்டுகிறது. மூன்று நொடியில் 66 மீட்டர். அதற்குள் 33 எழுத்தை ஒருவர் படித்து மனசில் வாங்க முடியாது. இரண்டு தெரிந்த சொல் என்றால் ஒரே பார்வை போதும்.

ரத்னகிரி

ஹைஃபன் போட்டால் ஒட்டும் பிரச்சினை போகாதா?

டிஎன்எஸ் தம்பி

கண்ணுக்குப் போகும், காதுக்கு வரும். "நடுவுல ஒரு கோடு" என்று சொன்னால் பாதிப் பேர் அடிக்கோடு போடுவார்கள். அடிக்கோட்டை டொமைன் பெயரில் பதியவே முடியாது, பக்கம் திறக்காது. எழுத்து, எண், ஹைஃபன் மூன்றுக்கும் மட்டுமே அனுமதி. ஹைஃபன் முதலிலும் கடைசியிலும் வரக்கூடாது, மூன்றாவது, நான்காவது இடத்தில் சேர்ந்து வரவும் கூடாது, அது வேறு மொழி டொமைன்களுக்கு ஒதுக்கியது. புள்ளிக்கு முன்னால் அதிகபட்சம் 63 எழுத்து. எண்ணும் இதே கதைதான்: "டூ" என்றால் எண்ணா, சொல்லா?

பாலாறு

டாட் இந்தியா என்று தமிழிலேயே டொமைன் கிடைக்கிறதே, ஸ்பெல்லிங் தகராறே வராதே?

டிஎன்எஸ் தம்பி

தமிழ் எழுத்தில் டொமைன் எடுக்கலாம், நல்ல விஷயம், ஆசையோடு எடுங்கள். ஆனால் முதன்மை முகவரியாக வேண்டாம். உள்ளுக்குள் அது எக்ஸ்என் என்று தொடங்கும் நீண்ட ஆங்கில எழுத்துச் சரமாக மாறித்தான் போகிறது. பழைய மெயில் மென்பொருள், பில் போடும் மென்பொருள் சிலது தமிழ் மெயில் முகவரியை ஏற்காது. சிங்கப்பூர் வாடிக்கையாளரின் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தமிழ் விசைப்பலகை இருக்கணும் என்ற கட்டாயமும் இல்லை. கடை போர்டில், துணிப் பையில் தமிழில் போட்டு, அதை முதன்மை முகவரிக்குத் திருப்பிவிடுங்கள்.

நூல்கண்டு

எல்லாருக்கும் நன்றி. கூகுளில் முன்னாடி வரணும் என்று "குடியாத்தம் லுங்கி" என்று தொழிலையும் ஊரையும் மட்டும் சேர்த்து எடுக்கச் சொல்கிறார்கள். 15 எழுத்துதான் வருது. அது சரியா?

எழுத்தாணி

தேடல் சொல்லை அப்படியே டொமைனாக வைத்தவர்களுக்குக் கிடைத்த சலுகையை கூகுள் 2012 செப்டம்பரிலேயே வெட்டியது. அந்த ஆசையில் எடுக்க வேண்டாம்.

இன்னொரு கஷ்டம், "குடியாத்தம் லுங்கி" உங்களுக்கு மட்டும் சொந்தமான பெயர் ஆகாது. ஊரும் பொருளும் சேர்ந்த பெயரை டிரேட்மார்க்காகக் காப்பாற்றுவது மிகக் கடினம். நாளைக்குப் பக்கத்துத் தெருக்காரர் நடுவில் ஒரு ஹைஃபன் போட்டு எடுத்தால் நீங்கள் கேட்க முடியாது.

டொமைனும் டிரேட்மார்க் மாதிரிதான் என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் சொன்னதே சுருக்கப் பெயர் வழக்கில்தான். சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து "சிஃபி" என்று உருவாக்கியிருந்தது. இன்னொரு நிறுவனம் ஒரு எஃப் கூடுதலாகப் போட்டு அதே உச்சரிப்பில் டொமைன் எடுத்தது. எங்கள் நிறுவனர்கள் ஐந்து பேரின் முதல் எழுத்துகள் அவை என்று வாதிட்டார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. இதில் நமக்கு இரண்டு பாடம். வாயில் சொல்ல வருகிற மாதிரி உருவாக்கிய சுருக்கம் காப்பாற்றத்தக்க சொத்து. அதேபோல "எங்கள் இனிஷியல் தற்செயலாக ஒத்துப்போச்சு" என்ற சமாதானம் செல்லும் என்று நம்ப முடியாது. எந்தப் பெயரை எடுத்தாலும் முதலில் டிரேட்மார்க் பதிவேட்டில் தேடுங்கள். துணிக்கு 24-ஆம் வகுப்பு, உடைக்கு 25, வியாபாரத்துக்கு 35. மூன்றிலும் பார்க்கணும், உச்சரிப்பு ஒத்த பெயர்களையும் சேர்த்து.

அகழி

நூல்கண்டு சார், ஒரு கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. சந்தையில், தறிக்காரர்கள் நடுவில், கடையை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?

நூல்கண்டு

"வெங்கட் கைலி" என்றுதான். முழுப் பெயர் பில்லில் மட்டும்.

அகழி

அப்புறம் என்ன சார், பெயர் கிடைத்துவிட்டது. வெங்கட், லுங்கி: 6 + 5 = 11 எழுத்து. வெங்கட் என்பதற்கு ஊர் முழுக்க ஒரே ஸ்பெல்லிங்தான் பழக்கம். கைலி என்று போட்டால் ஏ-ஐ, ஒய் என்று பல விதமாக எழுதுவார்கள், லுங்கிக்கு அந்தத் தொல்லை குறைவு. ஒட்டும் இடத்தில் டி-யும் எல்-லும், இரட்டிப்பு இல்லை. ஃபோனில் சொன்னால் எழுத்துக்கூட்டாமல் புரியும். எழுத்துக்கூட்டித்தான் சொல்லணும் என்கிற நிலை வந்தாலே அந்தப் பெயர் பாதி தோற்றுவிட்டது.

காட்பாடி ஜங்ஷன்

ஒத்துக்கொள்கிறேன். டாட் காமோடு 15. எஸ்எம்எஸ்ஸில் 55 எழுத்து மிச்சம். தனியாகக் குட்டி டொமைன் தேவைப்படாது. எஸ்.வி.டி.யை நான் கைவிடுகிறேன்.

ஆனால் ஏற்கெனவே நீளப் பெயரில் தளம் நடத்துகிறவர்கள் இந்த இழையைப் படித்தால், அவர்களுக்குக் குட்டி டொமைன் இன்னமும் உதவும்.

டிஎன்எஸ் தம்பி

அவர்களுக்காக வேலை முறையைச் சொல்லிவிடுகிறேன், இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள்.

இரண்டு டொமைன் இருந்தால் ஒன்றுதான் வீடு, இன்னொன்று வாசல். இரண்டிலும் ஒரே பக்கத்தைத் தனித்தனியாக ஓட்டாதீர்கள், தேடுபொறி எது அசல் என்று குழம்பும். வாசல் டொமைனில் 301 என்ற நிரந்தரத் திருப்பம் போடணும். டொமைன் விற்பனையாளர் தரும் இலவச "ஃபார்வர்டிங்" வசதியில் பல இடங்களில் எச்டிடிபிஎஸ் சான்றிதழ் (இணைப்பு பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டுவது) இருக்காது. இப்போது பிரவுசர்கள் பெரும்பாலும் எச்டிடிபிஎஸ்ஸைத்தான் முதலில் தட்டுகின்றன. சான்றிதழ் இல்லாவிட்டால் திருப்பம் நடப்பதற்கு முன்பே "பாதுகாப்பற்றது" என்று நின்றுவிடும். அதனால் வாசலின் ஏ பதிவையும் (பெயர் எந்த சர்வருக்குப் போகணும் என்று சொல்லும் வரி) உங்கள் சர்வருக்கே காட்டி, அந்தப் பெயருக்கும் சான்றிதழ் வாங்கி, சர்வரிலிருந்து திருப்புங்கள்.

சோதிக்கும்போது ஒரு டொமைனுக்கு நான்கு முகவரி: எச்டிடிபி-யின் கடைசியில் எஸ் உள்ளது, இல்லாதது, டபிள்யூ டபிள்யூ டபிள்யூ உள்ளது, இல்லாதது. இரண்டுக்கும் எட்டு. எட்டையும் டைப் செய்து பாருங்கள். ஏழு முகவரிகள் எட்டாவதில் போய் முடியணும், ஒரே தாவலில். உள்பக்க லிங்க் ஒன்றையும் சோதியுங்கள், பலபேர் திருப்பம் எல்லாவற்றையும் முதல் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

பழைய பெயரிலிருந்து புதுப் பெயருக்கு மாறுகிறவர்கள் முந்தின நாளே டிடிஎல் மதிப்பை (பழைய விவரத்தை மற்ற கம்ப்யூட்டர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற அளவு) 300 நொடிக்குக் குறையுங்கள். திருப்பத்தைக் குறைந்தது ஒரு வருடம் எடுக்கக் கூடாது.

வாசல் டொமைனிலிருந்து மெயில் அனுப்பப் போவதில்லை என்றால் அதைப் பூட்டணும். யார் உங்கள் பெயரில் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் மைனஸ் ஆல் (யாருக்கும் அனுமதி இல்லை) மட்டும், போலி மெயிலை என்ன செய்யணும் என்று சொல்லும் டிமார்க்கில் ரிஜெக்ட். பூட்டாமல் விட்டால் யாரோ உங்கள் குட்டிப் பெயரில் போலி பில் அனுப்புவார்கள். வாடிக்கையாளர் உங்களைத்தான் கேட்பார்.

எழுத்தாணி

ஒன்று சேர்க்கிறேன். சின்னப் பெயர் காலியாகக் கிடைத்தால் சந்தோஷப்படும் முன் அதன் பழைய வாழ்க்கையைப் பாருங்கள். முன்பு வேறு யாரோ வைத்திருந்து விட்டுப்போனதாக இருக்கலாம். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அந்த முகவரியைப் போட்டுப் பார்த்தால் சூதாட்டப் பக்கம் ஓடியதா என்று தெரிந்துவிடும். மெயில் கறுப்புப் பட்டியல்களிலும் தேடுங்கள். அங்கே சிக்கியிருந்தால் உங்கள் பில் மெயில் எல்லாம் ஸ்பேம் பெட்டிக்குத்தான் போகும்.

நூல்கண்டு

முடிவு செய்துவிட்டோம், "வெங்கட் லுங்கி" அமைப்பிலேயே நிஜப் பெயரை எடுக்கிறோம். டிரேட்மார்க் தேடிவிட்டு வாங்குகிறேன். டாட் இன் மட்டும் போதுமா?

டிஎன்எஸ் தம்பி

டாட் காம் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்தப் பெயரையே விட்டுவிடலாம் என்பேன். பழக்கத்தில் கை டாட் காம் என்றுதான் அடிக்கும், உங்களுக்கு வரவேண்டிய ஆர்டர் மெயில் அவர் பெட்டிக்குப் போகும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. இரண்டும் காலி என்றால் இரண்டையும் எடுங்கள்.

பதிவு செய்யும்போது உரிமையாளர் பெயர் கடைக்காரர் பெயராக இருக்கணும், தளம் செய்து தருகிறவர் பெயரில் வேண்டாம். கணக்குக்கு வைக்கும் மெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் சேர்ந்து படுத்துவிடும், புதுப்பிக்கச் சொல்லி வரும் எச்சரிக்கை யாருக்கும் வராது. முதல் வருட விலையைப் பார்க்காதீர்கள், இரண்டாம் வருடப் புதுப்பிப்பு விலையைப் பாருங்கள். வாங்கிய அல்லது மாற்றிய 60 நாளுக்குள் டாட் காமை வேறு விற்பனையாளருக்கு மாற்ற முடியாது, அதனால் விற்பனையாளரை முதலிலேயே யோசித்து எடுங்கள்.